தசமபாக ரசீதுகளில் இருந்த கணக்கு

2024 ஜனவரி கடைசி வாரம். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஸ்டோரிலிருந்து போன் வந்தது. எம்எஸ் ஷீட் என்ற இரும்புத் தகடு ஏற்றி வந்த லாரியில் 140 கிலோ குறைகிறது என்றார் ஸ்டோர்கீப்பர். அப்போது நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். "அண்ணே, சலான்ல என்ன இருக்கோ அதையே போட்டு ஏத்திருங்க. அடுத்த லோடுல சரிபண்ணிக்கலாம்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். டிபன் பாக்ஸை மூடிவிட்டு எடைமேடைக்குப் போனேன்.

அவர் கருப்புச் சட்டைக்காரர். செப்டம்பர் 17, பெரியார் பிறந்த நாளில் ஸ்டோருக்கு வருகிற எல்லோருக்கும் மிட்டாய் கொடுப்பார். கடவுள் இல்லை என்பதை யாரிடமும் சண்டை போட்டுச் சொன்னதில்லை. கேட்டால் மட்டும் சொல்வார். அன்று எடைச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். சரக்கோடு லாரியின் எடை கிராஸ், காலி லாரியின் எடை டேர், சரக்கின் எடை நெட், மூன்றும் வரிசையாக அச்சாகியிருந்தன. நான் போனில் சொன்னதையே மறுபடியும் சொன்னேன்.

"சார், நீங்க ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறீங்க. தப்புப் பண்ணினா மன்னிக்கிறதுக்கு உங்களுக்கு ஒருத்தர் இருக்காரு. எனக்கு அப்படி யாரும் இல்ல. அதனால எடையை நான் சரியாத்தான் போடணும்."

குத்திக்காட்டும் குரல் இல்லை. தன் நிலைமையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, 140 கிலோ குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குறைந்த சரக்குக்குப் பணம் பிடிக்கச் சப்ளையருக்கு டெபிட் நோட் போயிற்று. நான் திரும்பி வந்து ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டேன். அடுத்த மூன்று வாரம் நன்றாகத்தான் தூங்கினேன். அவர் சொன்னது எனக்குள் இறங்க அவ்வளவு நாள் பிடித்தது.

என் ஊர் நாசரேத் பக்கம். நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, அசனப் பண்டிகை, கன்வென்ஷன் என்று வளர்ந்தவன். பதினாறு வயதில் ஒரு கன்வென்ஷன் இரவில் முன்னால் போய் முழங்காற்படியிட்டு அழுதிருக்கிறேன். அந்த அழுகை உண்மையானதுதான். அன்று நான் மனந்திரும்பினேன் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மனந்திரும்புதல் என்றால் அந்த ஒரு ராத்திரி என்று அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். தேதியைக்கூட வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

பர்ச்சேஸில் சேர்ந்த முதல் வருடம் ஒரு சப்ளையர் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் ஒரு கவரும் கொடுத்தார். கவரைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த முறை வாங்கிக்கொண்டேன். 2020க்குப் பிறகு அது ஆர்டருக்கு இவ்வளவு என்று ஆகிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெயர் கமிஷன். வேதாகமத்தில் பரிதானம், அதாவது லஞ்சம். "பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி" என்று யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவன்தான். ஆனால் பரிதானம் என்பது சாமுவேல் தீர்க்கதரிசியின் பிள்ளைகள் வாங்கியது, கமிஷன் என்பது டிரேடில் எல்லோரும் வாங்குவது என்று என் மனதில் இரண்டுக்கும் தனித்தனி அறை இருந்தது. பெயரை மாற்றியதால்தான் அதோடு என்னால் நாலு வருடம் குடித்தனம் நடத்த முடிந்தது.

இன்னொன்றும் செய்துகொண்டிருந்தேன். மாமனார் வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருந்தோம். ஆனால் வருமான வரியைக் குறைக்க, வாடகை கட்டுவதாக ரசீது கொடுப்பேன். மாதம் 8,300 ரூபாய். பன்னிரண்டால் பெருக்கினால் 99,600. ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் வீட்டுக்காரர் பான் எண் கேட்பார்கள் என்பதால் அந்தத் தொகை. முதல் வருடம் மாமாவிடமே கையெழுத்து வாங்கினேன். அடுத்த வருடம் அவர் ஊருக்குப் போயிருந்ததால் நானே போட்டேன். ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது தெரியக் கூடாது என்று நீலம், கருப்பு, மை தீர்ந்துபோன இன்னொரு நீலம் என்று பேனாவை மாற்றி மாற்றி எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் மாமா பெயரைச் சுழித்து எழுதியது இன்றும் கண் முன்னால் நிற்கிறது. எங்கள் செக்ஷனில் பாதிப் பேர் அதே வாரத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். ஸ்டாம்ப் தீர்ந்துவிட்டால் ஒருவரிடம் ஒருவர் கடன் கேட்போம்.

2024இல், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 14 அன்று வந்தது. சாயங்கால ஆராதனையில் யோவேல் இரண்டாம் அதிகாரம் வாசித்தார்கள்: "நீங்கள் உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து..." வருடா வருடம் கேட்கிற பகுதிதான். பிறகு எல்லோரும் முழங்காற்படியிட்டுப் பாவ அறிக்கை சொன்னோம். வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. நடுவில், மன்னிக்கிறதுக்கு உங்களுக்கு ஒருத்தர் இருக்காரு என்ற அந்த வார்த்தை வந்து விழுந்தது. அவருக்கு மன்னிக்க ஆள் இல்லை, அதனால் அவர் எடையில் கைவைக்கவில்லை. எனக்கு ஆள் இருக்கிறார், அதனால் நான் வைத்தேன். என் இரட்சகரின் சிலுவையை நான் திருட்டுக்கு முன்பணமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் அறிக்கையைச் சேர்ந்து சொல்ல முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் என் நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இனி வருவதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். அன்று இரவு நான் செய்யப் பார்த்தது வழக்கமான காரியம்: அறைக் கதவைச் சாத்தி, அழுது, இனிமேல் செய்ய மாட்டேன் என்று பொருத்தனை செய்து, எழுந்து போய்விடுவது. ஏறக்குறைய அப்படியே செய்தேன். எழுந்தபோது என் மனைவி வாசலில் நின்றாள். "என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள். சொன்னேன்.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. ரொம்ப நேரம் கழித்து, "பிரிட்ஜ் அந்தக் காசா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "வாஷிங் மெஷின்?" அது போனஸில் வாங்கியது. "பாப்பா ஸ்கூல் பீஸ்?" ஒரு டெர்ம், ஆமாம். வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளாக அவள் கேட்டாள், நான் சொன்னேன். பாவத்தை மொத்தமாக அறிக்கை செய்வது எனக்கு நன்றாகப் பழகிய ஒன்று. பிரிட்ஜ், பீஸ், அம்மாவின் கண் ஆபரேஷன் என்று தனித்தனியாகச் சொன்ன அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் செய்ததன் அளவு எனக்கே தெரிந்தது. திருமணம் ஆனவர்களுக்குச் சொல்வேன்: ஆயரிடம் போவதற்கு முன்னால், மேலதிகாரியிடம் போவதற்கு முன்னால் துணையிடம் சொல்லுங்கள். நாளைக்கு வேலை போனால் அடி விழுவது அவர்களுக்கும்தான். அவர்களுக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் பரிசுத்தவானாக ஆகிவிட முடியாது.

மொத்தம் எவ்வளவு என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கமிஷன் கணக்கை யார் எழுதி வைப்பார்கள்? அப்போதுதான் ஞாபகம் வந்தது. கமிஷன் வந்த மாதமெல்லாம் அதிலும் பத்தில் ஒன்று கவரில் போட்டுச் சபையில் கொடுத்திருக்கிறேன். சம்பளத்துக்கு உண்டான தசமபாகம் போக மீதியைக் கூட்டினால் கணக்கு வந்துவிடும். ரசீதுகளை அவள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். இரவு ஒரு மணிக்கு டைனிங் டேபிளில் எல்லாவற்றையும் பரப்பி, மாதம் மாதமாக அடுக்கிக் கூட்டினோம். கூடுதலாகக் கொடுத்திருந்த தொகை 23,800. அப்படியானால் நான் வாங்கியது 2,38,000. என் திருட்டுக்கு இருந்த ஒரே பதிவேடு தேவாலயத்து ரசீதுதான். கூட்டி முடித்ததும் அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே ஆயரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, யாருக்கு விரோதமா பாவம் செஞ்சீங்க?" என்றார். கர்த்தருக்கு விரோதமாக என்றேன். "அது உண்மை. ஆனா பணம் அவர்கிட்ட இருந்து எடுக்கலையே" என்றார். இயேசுவைப் பார்க்க மரம் ஏறிய வரி வசூல்காரன் சகேயுவைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் காட்டத்தி மரமும் குள்ளமும்தான் பெரிதாக இருக்கும். அவன் வாய் திறந்து சொன்னது ஒரே வாக்கியம், அது முழுக்கக் கணக்கு: "என் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்." அதைச் சொன்ன பிறகுதான் இயேசு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார். பணம் கொடுத்து அவன் இரட்சிப்பை வாங்கவில்லை. இயேசு அவன் வீட்டுக்குள் வந்தாகிவிட்டது, அதனால் இனி அந்தப் பணம் அங்கே இருக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆயர் இன்னொன்றும் சொன்னார். கமிட்டியில் உட்காரும்போது உங்கள் கவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம், எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை, அது எங்கள் பாவம் என்றார். அதை அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நம் சபைகளில் இதை இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். சிகரெட், சினிமா, ஜாதகம் எல்லாம் பிரசங்க பீடத்தில் பேர் சொல்லிக் கண்டிக்கப்படுகின்றன. கமிஷன், போலி ரசீது, பொய் மெடிக்கல் பில் பேர் சொல்லிக் கண்டிக்கப்பட்டு நான் கேட்டதில்லை. யோவான் ஸ்நானகன் அப்படி இல்லை. வரி வசூலிப்பவர்கள் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது விதித்ததற்கு அதிகமாக வாங்காதே என்றான். போர்ச்சேவகர் கேட்டபோது "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" என்றான். வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு அந்த வரியில்தான் வழி கிடைத்தது.

சபையில் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். அவரிடம் கேட்டபோது நேராகவே எச்சரித்தார். எழுத்தில் ஒப்புக்கொண்டால் கம்பெனி நம்பிக்கை மோசடி என்று போலீஸில் புகார் கொடுக்க முடியும், அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் போங்கள் என்றார். தயாரா என்று எனக்கே தெரியவில்லை. என் அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "யய்யா, ஊர்ல தெரிஞ்சா உங்கப்பா பேரு என்னாவும்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஒரு வாரம் பேசவில்லை.

ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். முதல் வரைவில் குடும்பக் கஷ்டம், அம்மாவின் ஆபரேஷன் எல்லாம் இருந்தன. மனைவி படித்துவிட்டு அதையெல்லாம் அடித்தாள். "இது காரணம் சொல்ற மாதிரி இருக்குங்க." கடைசியில் மிஞ்சியது: எந்தக் காலத்தில், எவ்வளவு, எப்படிக் கணக்குப் போட்டேன், எப்படித் திருப்பித் தருவேன். பிரிவில் இருந்த மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தில் அநியாயமாக எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அதன்படி 47,600 சேர்த்து 2,85,600 என்று எழுதினேன். ஒரு சீட்டு எடுத்தோம், நகைக்கடன் கொஞ்சம், மீதியை மாதச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று.

பொது மேலாளர் நிதானமானவர். கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தார். மறுபடியும் பிரித்தார். "யாரும் கண்டுபிடிக்கலையே. ஏன் இப்ப சொல்றீங்க?" என்றார். நான் ஒரு கிறிஸ்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொல்லும் உரிமை அன்று எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. "இது கம்பெனிப் பணம் சார், என்கிட்ட இருக்கக் கூடாது" என்றேன். இதை மேலே சொல்லியாக வேண்டும் என்றார். பதினொரு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

அந்தப் பதினொரு நாளில் எனக்கு எந்தச் சமாதானமும் பொங்கி வழியவில்லை. சாட்சி சொல்கிற பலர், அறிக்கை செய்ததும் பாரம் இறங்கியது என்பார்கள். எனக்குப் பயம்தான் இருந்தது. வாசலில் பைக் நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சங்கீதம் 51ஐ மட்டும் தினமும் வாசித்தேன், வேறு எதுவும் வாசிக்க முடியவில்லை.

போலீஸுக்குப் போகவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டார்கள். பர்ச்சேஸிலிருந்து எடுத்துச் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்சில் போட்டார்கள், இரண்டு வருட இன்கிரிமெண்ட் நிறுத்தம். அது நியாயமான தண்டனை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. என் கடிதத்தால் பிரிவு முழுக்கத் தணிக்கை வந்தது. இன்னொருவருடைய விஷயமும் வெளியே வந்து அவர் வேலையை விட நேர்ந்தது. நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் ஒருநாள் அவர் மனைவி எனக்குப் போன் செய்து, "உங்க புண்ணியத்துக்கு எங்க வீடு போச்சு" என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அவர்களுக்காக ஜெபிக்கிறேன், அவருக்கு வேறு வேலை கிடைக்க இரண்டு இடத்தில் சொல்லி வைத்தேன், ஒன்று அமைந்தது. அவர் என்னிடம் இன்னும் பேசுவதில்லை. மனந்திரும்புதலுக்கு ஆகும் செலவு நம்மோடு நிற்பதில்லை என்பதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்தது வரி. ஆடிட்டரிடம் போய் வாடகை ரசீது எல்லாம் பொய், கட்ட வேண்டியதைக் கட்ட வேண்டும் என்றேன். "நோட்டீஸ் வந்துதா?" என்றார். இல்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அவர் விளக்கியது பலருக்கும் பயன்படும். 2022 பட்ஜெட்டில், முடிந்துபோன வருடத்துக்கும் நாமே முன்வந்து திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய வழி வந்தது. ஐடிஆர்-யூ என்பார்கள். மதிப்பீட்டு ஆண்டு, அதாவது சம்பாதித்த வருடத்துக்கு அடுத்த நிதியாண்டு, முடிந்து 12 மாதத்துக்குள் என்றால் விட்டுப்போன வரிக்கும் வட்டிக்கும் மேல் 25 சதவீதம் கூடுதல் வரி, 24 மாதத்துக்குள் என்றால் 50 சதவீதம். நான் கட்டிய பிறகு, 2025 பட்ஜெட்டில் அதை 48 மாதமாக நீட்டினார்கள். மூன்றாம் வருடத்துக்கு 60, நாலாம் வருடத்துக்கு 70. துறை ஏற்கெனவே நம் கணக்கை எடுத்து விசாரிக்கத் தொடங்கியிருந்தால் அப்போது இந்த வழி கிடையாது. அவர்கள் தட்டுவதற்கு முன்னால் நாமாகப் போக வேண்டியிருந்தது.

எனக்கு மூன்று வருடக் கணக்குத் திருத்த முடிந்தது. மிகப் பழைய வருடத்துக்குக் கடைசி நாள் 2024 மார்ச் 31. அந்த வருடம் ஈஸ்டர் ஞாயிறும் அதே நாள். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து மூன்றையும் கட்டி முடித்தேன். வருடத்துக்கு 13 ஆயிரத்துச் சொச்சம் ஏமாற்றியிருந்தேன். வட்டியும் கூடுதல் வரியும் சேர்த்து மொத்தம் 66 ஆயிரம் போல ஆயிற்று. ரொம்பப் பழைய வருடத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. திருடன் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்ற யாத்திராகமம் 22 ஞாபகம் வந்தது. அதற்கும் முந்தின இரண்டு வருடங்களுக்குக் கதவு மூடிவிட்டது, எவ்வளவு கெஞ்சினாலும் கணினி வாங்காது. எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தில், திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அதைக் கர்த்தருக்கென்று கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறது. அது அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய பணம் என்பதால் பிரதமரின் தேசிய நிவாரண நிதியில் கட்டினேன். அதற்கு உண்டான வரிவிலக்கைக் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் என் பைக்குத்தானே வரும்.

சாம்பல் புதனுக்கு முன்பெல்லாம், உலகம் இருட்டு, நாம் வெளிச்சம், இந்த மதச்சார்பற்ற சமுதாயத்தில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது கஷ்டம் என்று நானே ஜெபக்கூட்டத்தில் பேசியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், என் விசுவாசத்தைக் கெடுத்தது அலுவலகத்தில் இருந்த இந்துவோ முஸ்லிமோ நாத்திகரோ இல்லை. மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும், எடை போட வேண்டும், வாங்குகிறவரும் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, வருடா வருடம் தணிக்கை என்று அந்த அலுவலகம் வைத்திருந்த விதிகள் எல்லாம் மனிதன் தவறுவான் என்று தெரிந்து வைத்த விதிகள். அந்த விஷயத்தில் கம்பெனி மேனுவல் என்னைவிட வேதத்துக்குக் கிட்டத்தில் இருந்தது. ஐடிஆர்-யூ படிவம் என் மதத்தைக் கேட்கவில்லை. திரும்பி வர ஒரு வாசல் வைத்திருந்தது.

தானியேலைப் புதிதாக வாசித்தேன். சிங்கக் கெபியைப் பற்றித்தான் எப்போதும் கேட்போம். ஆறாம் அதிகாரத்தின் ஆரம்பத்தில் அவன் வேலை என்ன என்று இருக்கிறது. 120 தேசாதிபதிகள், அவர்களுக்கு மேல் மூன்று பிரதானிகள், அந்த மூவரில் தானியேல் ஒருவன். ராஜாவுக்கு நஷ்டம் வராதபடி தேசாதிபதிகள் அந்த மூன்று பேருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால் தணிக்கை வேலை, அதுவும் வேறு தெய்வத்தைக் கும்பிடுகிற ராஜாவின் கஜானாவுக்கு. எதிரிகள் அவன் வேலையைத் துருவித் துருவிப் பார்த்தும் "யாதொரு குற்றமும் குறைவும் காணப்படவில்லை". ஜன்னலைத் திறந்து வைத்து ஜெபித்தது அதற்கு அப்புறம்தான் வருகிறது. என் மானிட்டரில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். கமிஷன் வாங்கிய நாலு வருடமும் அது அங்கேதான் இருந்தது. டிஸ்பாட்சுக்கு மாறியபோது அதைக் கிழித்து எடுத்தேன், புதியது ஒட்டவில்லை. சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபிக்கிறேன். ஆயுத பூஜை அன்று எல்லோரோடும் சேர்ந்து ஷெட்டைக் கழுவித் தோரணம் கட்டுகிறேன், தீபாராதனை நேரத்தில் மட்டும் ஒதுங்கி நிற்கிறேன். முன்பு இதை எப்படிச் சொல்வது என்று நெளிவேன். இப்போது "நான் கும்பிடுறதில்லண்ணே, வேலை எதுனாலும் சொல்லுங்க" என்று நேராகச் சொல்கிறேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் எழுதுவதால் நான் தேறிவிட்டதாக நினைக்க வேண்டாம். 2024 நவம்பரில் வேலையாகக் கோயம்புத்தூர் போய் வந்து செலவுக் கணக்கு எழுதினேன். ஆட்டோவுக்கு 180 கொடுத்திருந்தேன். கை 300 என்று எழுதியது. யோசித்து எழுதவில்லை, கைக்கு அது பழகிப்போயிருந்தது. சமர்ப்பித்த பிறகுதான் உறைத்தது. திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தேன். கணக்குப் பிரிவுப் பையன், "120 ரூபாய்க்காகவா சார்?" என்றான். 1517இல் லூத்தர் எழுதிய 95 கூற்றுகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். பதினாறு வயதில் எழுதிய அந்தத் தேதிக்குக் கீழே இப்போது நிறையத் தேதிகள் சேர்ந்திருக்கின்றன.

எனக்கு உதவிய பழக்கம் ஒன்று: மாதக் கடைசியில் சபையில் ஒரு நண்பர் எனக்குப் போன் செய்வார். "கணக்கு எப்படி?" என்று கேட்பார். பொதுவாக "நல்லாயிருக்கு" என்றால் விடமாட்டார். கிளெய்ம், பரிசு, வரி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நானும் அவரைக் கேட்பேன். பத்து நிமிடம்கூட ஆகாது. ஜெபக்குழுவைவிட எனக்கு இதுதான் கைகொடுத்திருக்கிறது. இன்னொன்று, கன்வென்ஷனில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மேடையில் நின்றால் நான் நாயகனாகிவிடுவேன் என்று பட்டது. அந்த வேலை போனவரின் வீட்டாரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

டிஸ்பாட்சில் இருப்பதால் இப்போது தினமும் எடைமேடைக்குப் போகிறேன். ஸ்டோர்கீப்பர் அண்ணன் என் விஷயம் தெரிந்தபோது பாராட்டவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. 2025இல் அவர் ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, லாரிக்காகக் காத்திருக்கையில், "சார், உங்க கோயில்ல எல்லாரும் சேர்ந்து ஏதோ சொல்வீங்களாமே, தப்பு பண்ணிட்டோம்னு. அது என்னது?" என்றார்.

செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும் செய்யக் கூடாததைச் செய்ததையும் கடவுளிடம் ஒத்துக்கொள்வோம், பிறகு ஆயர் மன்னிப்பைக் கூறுவார் என்றேன்.

"சத்தமாவா?"

"ஆமாண்ணே."

"ஆயரும் சொல்வாரா?"

"அவரும்தான். முழங்கால்ல நின்னு."

கொஞ்ச நேரம் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்குள் காலி லாரி வந்து மேடையில் ஏறியது. திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, "டேர் எவ்வளவுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்" என்றார்.